19,000 ரூபாய் இன்டர்கூலரா, லட்ச ரூபாய் இன்டர்கூலரா?

பாலாறு180:
வண்டி 2014 ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்), ஏழு கியர் டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக்). போன வருடம் ஸ்டேஜ் 1 ரீமேப் போட்டேன், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் (இசியு) புரோகிராமை மாற்றிப் பவரைக் கூட்டினேன். மார்கழியில் பறந்த வண்டி, கத்திரி தொடங்கியதிலிருந்து வயிறு முட்டப் பிரியாணி தின்றவன் மாதிரி அசைகிறது. ஓபிடி ஸ்கேனர் மாட்டி எஞ்சின் ரீடிங்கை ஒரு வாரம் பார்த்தேன். வெளியே 40 டிகிரி. வேலூர் கிரீன் சர்க்கிளில் பத்து நிமிடம் மாட்டிக்கொண்டால் எஞ்சினுக்குள் போகிற இன்டேக் காற்று 70-ஐத் தாண்டுகிறது. பள்ளிகொண்டா டோல் தாண்டி நூறில் சீராகப் போனால் 53, 54-க்கு இறங்குகிறது. மிதித்தால் மறுபடி ஏறுகிறது. அப்போது இசியு இக்னிஷன் டைமிங்கைக் குறைத்து, பவரைக் குறைப்பதும் லாகில் தெரிகிறது.

டர்போ அழுத்திச் சூடாக்கிய காற்றைத் தணிக்கிற இன்டர்கூலரை மாற்றலாம் என்றிருக்கிறேன். கைக்கு எட்டுவது இரண்டு. ஆன்லைனில் பெயர் தெரியாத பார் அண்ட் பிளேட் (கட்டையும் தகடும் அடுக்கிய கனமான வகை), கூரியரோடு 19,000. இல்லையென்றால் வாக்னர் மாதிரி பெயர் பெற்ற கம்பெனி. வரி எல்லாம் சேர்த்தால் லட்சத்தைத் தொடுகிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. எதை வாங்கலாம்?

மக்கன்பேடா:
தம்பி, 19,000-ஐக் கொடு, மாட்டு, வேலையைப் பார். என் ஸ்கோடா லாரா 1.8-ல் இதே மாதிரி பெயரில்லாத ஒன்று மூன்று வருடமாக ஓடுகிறது. ஆற்காட்டிலிருந்து பெங்களூருக்கு மாதம் இரண்டு தடவை போய் வருகிறேன், ஒரு தொந்தரவும் இல்லை. இன்டர்கூலர் என்பது என்ன? ஒரு பக்கம் சூடான காற்று போகிறது, மறு பக்கம் சூடு தணிந்து வருகிறது, நடுவில் அலுமினியம். சுற்றுகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. அலுமினியத்துக்கு என்ன ஆதார் கார்டா இருக்கிறது, எந்த ஊரில் பிறந்தது என்று பார்க்க? நீ கொடுக்கிற லட்சத்தில் பாதி ஸ்டிக்கருக்கு, மீதியில் பாதி சுங்கத்துக்கு.

கோட்டை_அகழி:
சுற்றுகிற பாகம் இல்லைதான் அண்ணா. ஆனால் அதற்கு அடுத்து என்ன இருக்கிறது? த்ராட்டில், வால்வு, பிஸ்டன். உள்ளே ஒரு துணுக்கு கழன்றால் நேரே அங்கேதான் போகும்.

நானும் மலிவாக ஒன்று வாங்கியவன்தான். விற்றவர் பெயர் வேண்டாம். மாட்டுவதற்கு முன்னால் சும்மா ஒரு சந்தேகத்தில் பழைய வெள்ளை வேட்டியை மொட்டை மாடியில் விரித்து, கூலரைக் கவிழ்த்து உள்ளங்கையால் தட்டினேன். மிளகு அளவில் மூன்று அலுமினிய உருண்டைகள், கொஞ்சம் சுருள் சுருளாகச் சீவல். பெட்ரோல் ஊற்றிக் குலுக்கித் தட்டினேன், மறுபடி வந்தது. ஐந்தாவது தடவையும் வந்தது. போன் போட்டுக் கேட்டால், "எல்லாப் பீஸும் இப்படித்தான் சார் வரும், நல்லா கழுவி மாட்டிக்குங்க" என்றார்கள். மாட்டவில்லை. இப்போது என் வீட்டுக் கொடிக்கம்பி சாயாமல் இருக்க அதுதான் முட்டுக்கொடுக்கிறது.

ஏலகிரி14:
லட்ச ரூபாயா? அந்தக் காசுக்கு நான் இன்னொரு வண்டியே வாங்கினேன். (ஸ்கூட்டர்தான்.)

கோட்டை_அகழி:
சரி, துணுக்கை விடுங்கள், கழுவினால் போய்விடும் என்றே வைத்துக்கொள்வோம். கணக்குக்கு வாருங்கள். 40 டிகிரி காற்றை டர்போ 1 பார் பூஸ்டுக்கு (வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட 1 பார் அதிகம்) அழுத்துகிறது. டர்போவில் காற்றை அழுத்துகிற கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்றால் அதை விட்டு வெளியே வரும் காற்று கிட்டத்தட்ட 138 டிகிரி. வெளிக்காற்றைவிட 98 டிகிரி அதிகம். அந்த 98-ல் 70 சதவீதத்தை இன்டர்கூலர் கழித்தால் மேனிஃபோல்டுக்கு (எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்க்கு) 69-ல் போகும். 85 சதவீதம் கழித்தால் 55-ல் போகும். எல்லோரும் இந்தப் பாதியை மட்டும்தான் பேசுவார்கள்.

இன்னொரு பாதி, உள்ளே முட்டி மோதிப் போவதில் காற்று இழக்கிற அழுத்தம். உள்ளே இருக்கும் மெல்லிய தகடுகளை (ஃபின்) நெருக்கி அடைத்து, இரண்டு ஓரத்திலும் இருக்கும் காற்றுப் பெட்டியை (எண்ட் டேங்க்) மிக்சர் டப்பா மாதிரி சப்பையாக வெல்டு செய்தால் 0.2 பார் அங்கேயே காணாமல் போகலாம். இசியு விடாது. மேனிஃபோல்டில் 1 பார் வேண்டும் என்று டர்போவை 1.2-க்கு விரட்டும். அப்போது கம்ப்ரசரை விட்டு வருவது 138 இல்லை, 153. தணிக்க வைத்த சாமானே சூட்டையும் கிளப்பிவிடுகிறது.

மக்கன்பேடா:
கணக்கு போட்டாய், பாதியில் நிறுத்திவிட்டாய். நான் முடிக்கிறேன். 153-லும் அதே 70 சதவீதம் கழி. 74 வருகிறதா? உன் நல்ல கூலரில் 69. வித்தியாசம் 5 டிகிரி. இந்தச் சூட்டில் 3 டிகிரி ஏறினால் காற்றின் அடர்த்தி ஒரு சதவீதம் குறையும். ஆக ஒன்றரை சதவீதம். 180 குதிரையில் மூன்று குதிரைகூட முழுதாக வரவில்லை. அதற்கு 80,000 கூடுதல் என்றால் குதிரை ஒன்று 27,000-க்கு வருகிறது. நிஜக் குதிரையையே வாங்கி ஜட்கா ஓட்டலாம்.

இன்னொன்றும் கேட்கிறேன். ஆன்லைனில் பிராண்ட் பெயர் பொறித்து வருவதெல்லாம் அந்த பிராண்ட்தானா? ஸ்டிக்கரும் பொறிப்பும் எந்த டூப்ளிகேட்டுக்கும் போடலாம். பெயரை நம்பி லட்சம் கொடுத்து அதே டப்பாவை வாங்கியவர்களை நீ பார்த்ததில்லையா?

கோட்டை_அகழி:
டூப்ளிகேட் விஷயம் உண்மை, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் டீலர் பில் இல்லாமல் வாங்கக் கூடாது. ஆனால் அந்த 5 டிகிரியோடு விஷயம் முடியவில்லை. 0.2 பார் கூடுதலாக அழுத்த டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், எக்ஸாஸ்ட் பக்கம் அழுத்தம் கூடும். ரீமேப் போட்டு, கத்திரி வெயிலில், ஏற்கெனவே எல்லைக்குப் பக்கத்தில் ஓடுகிற சின்ன டர்போ அது.

மக்கன்பேடா:
0.2 என்று யார் அளந்தது? "போகலாம்" என்றுதானே எழுதியிருக்கிறாய். என் கூலரில் அளந்தாயா?

கோட்டை_அகழி:
நீங்கள் அளந்தீர்களா?

மக்கன்பேடா:
இல்லை.

ஆர்கான்_கை:
அளக்காமலேயே நாற்பது பதிவு போடுவீர்கள் போலிருக்கிறது. நான் ராணிப்பேட்டையில் ஆர்கான் வெல்டிங் செய்கிறவன். சிப்காட் கம்பெனிகளின் ஹீட் எக்ஸ்சேஞ்சர், லாரி ரேடியேட்டர், இப்போது உங்களைப் போன்ற தம்பிகளின் இன்டர்கூலர். மலிவானது, விலையுயர்ந்தது இரண்டையும் அறுத்துப் பார்த்திருக்கிறேன்.

நடுவில் சூடு தணிக்கிற பாகத்தை (கோர்) மட்டும் வைத்துச் சொன்னால் மலிவானதிலும் நல்லது வருகிறது. மக்கன்பேடா அண்ணனுக்கு அப்படி ஒன்று மாட்டியிருக்கலாம். ஆனால் அதே கடையில் இரண்டு பீஸ் வாங்கினால் இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. காசு அதிகம் கொடுப்பது பெரும்பாலும் இதற்குத்தான், பத்தாவது பீஸும் முதல் பீஸ் மாதிரி இருக்க. அப்புறம் எண்ட் டேங்க். வெளியே வெல்டிங் காசு அடுக்கின மாதிரி அழகாகத் தெரியும். விரலை உள்ளே விட்டால் உருகி வழிந்து கரடாக நிற்கும். உள்பக்கம் ஆர்கான் வாயு கொடுக்காமல் அடித்தால் அப்படித்தான் வரும். அகழி தம்பியின் வேட்டியில் விழுந்த மிளகு அதுதான். டேங்கின் வடிவமும் அதே போல. குழாய் நுழைகிற இடத்துக்கு நேராக இருக்கும் நாலு வரிசைக்குக் காற்று மொய்க்கும், ஓரத்தில் இருக்கும் வரிசைகள் சும்மா கிடக்கும். நல்ல கம்பெனி டேங்கை வார்த்து, வளைத்து, எல்லா வரிசைக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கும்.

எடையைப் பார்த்து ஏமாற வேண்டாம். 180 குதிரை எஞ்சின் முழு மிதியில் விநாடிக்குச் சுமார் 140 கிராம் காற்றை இழுக்கும். அதை 138-லிருந்து 69-க்கு இறக்க 10 கிலோவாட் சூட்டை வெளியே தள்ள வேண்டும். வீட்டு கீசர் ஐந்து ஒன்றாக ஓடுகிற சூடு. 8 கிலோ கூலர், எதிர்க்காற்று இல்லாமல் இதை வாங்கினால் ஏழே விநாடியில் 10 டிகிரி ஏறிவிடும். கனமான பார் அண்ட் பிளேட் ஒன்றிரண்டு ஓவர்டேக் வரை தாங்கும். சூடு ஏறிவிட்டால் இறங்குவதும் தாமதம்தான், இரும்புத் தோசைக்கல் மாதிரி. மெல்லிய குழாயும் தகடும் கொண்ட டியூப் அண்ட் ஃபின் வகையோ எவர்சில்வர் தட்டு, சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும்.

கடைசியாக, நீங்கள் இருவரும் விட்ட ஒன்று. இந்த வண்டியில் முன்னால் ஏசி கண்டென்சர், பின்னால் ரேடியேட்டர், இரண்டுக்கும் நடுவில் இன்டர்கூலர் சாண்ட்விச்சாக உட்கார்ந்திருக்கிறது. வேலூரில் மே மாதம் ஏசி இல்லாமல் யார் ஓட்டுவது? ஏசியின் சூட்டை வெளியே விடுகிற கண்டென்சரைத் தடவி வருகிற காற்றுதான் கூலருக்குக் கிடைக்கும், அது 40 டிகிரி இல்லை. அந்த இடத்தில் தடித்த கூலரைத் திணித்தால் பின்னால் ரேடியேட்டருக்குப் போகிற காற்றும் குறையும். கிரீன் சர்க்கிளில் நின்றபடி எடுத்த ரீடிங்கை நம்பாதே. நின்ற வண்டியில் எந்தக் கூலரும் வேலை செய்யாது, சென்சாரும் மேனிஃபோல்டோடு சேர்ந்து சுட்டுக் கிடக்கும். மலை ஏறிப் பார்த்துவிட்டு வா.

பாலாறு180:
போனேன். காலை ஆறரைக்குப் பொன்னேரியில் ஆரம்பித்து ஏலகிரி, பதினாலு கொண்டையூசி வளைவு. அடிவாரத்தில் வெளியே 29, இன்டேக் 41. நாலாவது வளைவில் 52. பத்தாவதுக்குப் பிறகு 60-ல் நின்றுகொண்டது. வளைவில் வேகம் குறைகிறது, எதிர்க்காற்று இல்லை, வெளியே வரும்போது முழு மிதி. வளைவுகளில் வைத்திருக்கும் புலவர் பெயர் பலகைகளை நிதானமாகப் படிக்கலாம், அவ்வளவு சோம்பல். மேலே புங்கனூர் ஏரிக்கரையில் கொஞ்ச தூரம் உருட்டியதும் 38-க்கு வந்துவிட்டது. இறங்கி வந்து, ஏசியை அணைத்து இன்னொரு தடவை ஏறினேன். 4 டிகிரி குறைவு.

டார்ச் அடித்து கிரில்லுக்குள்ளும் பார்த்தேன். கண்டென்சர் முகம் முழுக்கப் பூச்சியும் தூசியும் அடை அடையாக. கழுவ வேண்டும்.

மக்கன்பேடா:
அப்படியென்றால் முதலில் கழுவு, 200 ரூபாய் வேலை. அப்புறம் யோசி. இன்னொன்று யாருமே சொல்லவில்லை. உன்னுடையது உலர் கிளட்ச் டிகியூ200 கியர்பாக்ஸ், 250 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கு (எஞ்சினின் முறுக்குவிசை) செய்தது. வண்டி ஷோரூமிலிருந்து வரும்போதே டார்க் 250. ரீமேப்பில் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டாய். இன்னும் குளிர்ந்த காற்றை ஊட்டி யாரை அடிக்கப் போகிறாய்? லட்ச ரூபாய் இருந்தால் கிளட்ச்சுக்கு எடுத்து வை.

கோட்டை_அகழி:
இதில் அண்ணனோடு சண்டை இல்லை. ஆனால் அவன் கேட்பது கூடுதல் குதிரை இல்லையே. மார்கழியில் கிடைத்தது சித்திரையிலும் கிடைக்க வேண்டும் என்கிறான். பத்து வளைவு ஏறிய பிறகும் சூடு ஏறாமல் நிற்பதற்குத்தான் நல்ல கூலர்.

பாலாறு180:
கழுவிவிட்டேன். பள்ளிகொண்டா பக்கம் 2 டிகிரி குறைந்திருக்கிறது, மலைக்கு இன்னும் போகவில்லை. இதற்கிடையில் பெங்களூரில் ஒருவர் ஆக்டேவியாவை விற்பதால் அவருடைய பழைய வாக்னர் 42,000-க்குக் கிடைக்கிறது. டீலர் பில் இருக்கிறது. முன்பணம் அனுப்பிவிட்டேன். வீட்டிலும் சொல்லிவிட்டேன், 24,000 என்று.

கோட்டை_அகழி:
கடைசியில் பிராண்ட்தான்.

மக்கன்பேடா:
கடைசியில் பாதி விலைதான்.

ஆர்கான்_கை:
பழையது என்றால் மாட்டுவதற்கு முன் என்னிடம் கொண்டு வா. இரண்டு வாயையும் அடைத்து 2 பார் காற்று ஏற்றி, பஞ்சர் பார்க்கிற மாதிரி தொட்டியில் முக்கிப் பார்ப்போம். உள்ளே எண்ணெய் படிந்திருக்கும், கழுவ வேண்டும். பம்பர், முன்சட்டம் இரண்டும் கழற்ற வேண்டியிருக்கும். டார்க்ஸ் பிட் செட் உன்னிடம் இருந்தால் எடுத்து வா, என்னுடையதை யாரோ சுட்டுவிட்டார்கள். மாட்டும்போதே கூலருக்கு முன்னால் ஒரு நிப்பிள், பின்னால் ஒரு நிப்பிள் வைத்துவிடுகிறேன், கேஜ் மாட்டி அழுத்த இழப்பை அளக்க. மக்கன்பேடா அண்ணா, ஞாயிறு காலை லாராவையும் கொண்டு வாருங்கள். இரண்டு வண்டிக்கும் ஒரே கேஜ், பைபாஸில் ஒரே இடம்.

மக்கன்பேடா:
வருகிறேன். என் கூலரில் 0.2 விழுந்தால் எல்லோருக்கும் டிபன் என் செலவு.

கோட்டை_அகழி:
0.05-க்குள் நின்றால் என் செலவு.

ஏலகிரி14:
நானும் வருகிறேன். 0.1 வந்தால் யார் செலவு?