காகிதப்பூக் குச்சி துளிர்த்துக் கருகுகிறது, மேப்பிள் விதை முளைக்கவே இல்லை. போன்சாய்க்கு எப்படித் தொடங்குவது?

பாளை மாடித்தோட்டம்:
வணக்கம். பாளையங்கோட்டையில் இரண்டாம் மாடி வீடு. மொட்டை மாடியில் நல்ல வெயில். தை மாதம் போன்சாய் (தொட்டியில் குட்டி மரம் வளர்ப்பது) ஆசை பிடித்தது. இதுவரை மூன்று வழியில் முயன்றுவிட்டேன், மூன்றிலும் சிக்கல்.

முதலில் இணையத்தில் ‘போன்சாய் விதை’ பாக்கெட் வாங்கினேன். சிவப்பு மேப்பிள் 10, நீல மேப்பிள் 10. ஒரு நாள் ஊறவைத்துத் தென்னை நார்க்கழிவில் போட்டேன். இரண்டு மாதம் ஆகியும் வெள்ளைப் பூஞ்சை மட்டும்தான் வந்தது.

அப்புறம் சித்திரையில் காகிதப்பூக் குச்சி 12 நட்டேன். பென்சில் தடிமன், செம்மண்ணும் தொழு உரமும் பாதிப் பாதி. 15 நாளில் எல்லாமே துளிர்த்தன. பிழைத்துவிட்டது என்று வெயிலுக்கு மாற்றினேன். பத்தே நாளில் துளிர் தொங்கி, தண்டு கறுத்துவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் ஒரு வேர்கூட இல்லை. வேரே இல்லாமல் எப்படித் துளிர்த்தது?

மாசியில் போட்ட புளியங்கொட்டை ஐந்து முளைத்தது. அவற்றை உடனே தட்டையான போன்சாய்த் தொட்டிக்கு மாற்றினேன். நான்கு மாதமாக இன்னும் தீக்குச்சி தடிமன்தான். எங்கே தவறு செய்கிறேன்?

ஆலம்போத்து (தென்காசி):
தம்பி, இரண்டு கேள்வி. குச்சிகளை மூடி வைத்தீர்களா? நடுவில் எடுத்துப் பார்த்தீர்களா?

பாளை மாடித்தோட்டம்:
மூடவில்லை ஐயா. வேர் வந்ததா என்று வாரம் ஒருமுறை ஒன்றிரண்டை எடுத்துப் பார்த்து மறுபடி செருகினேன்.

ஆலம்போத்து (தென்காசி):
சரி, விளங்கிவிட்டது. கூடையில் கிடக்கும் வெங்காயம் முளைவிடுகிறதே, அதற்கு வேரா இருக்கிறது? உள்ளே சேர்த்து வைத்த சத்தில் முளைக்கிறது. குச்சியும் அப்படித்தான். தண்டில் உள்ள மாவுச்சத்தை வைத்து முதலில் துளிர் விடும். அந்தத் துளிர் தண்ணீர் கேட்கும்போது கொடுக்கக் கீழே வேர் இல்லை. சித்திரை வெயிலுக்கும் மாற்றினால் ஒரே வாரத்தில் காய்ந்துவிடும். முதல் துளிரை நம்பாதீர்கள். அது முற்றி, இரண்டாவது தடவை புதுக் கொழுந்து ஓடினால்தான் வேர் பிடித்தது என்று அர்த்தம்.

பிடுங்கிப் பார்த்தது இன்னொரு அடி. காகிதப்பூவின் இளவேர் நூல் மாதிரி, தொட்டாலே ஒடியும். வந்திருந்தாலும் உங்கள் கையோடு போயிருக்கும். உரம் கலந்த செம்மண் இறுகி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், அதில் வெட்டு வாய் அழுகும்.

முதல் மரத்துக்குக் காகிதப்பூவை விட்டுவிட்டு இச்சி எடுங்கள். ஆல், அரசு குடும்பம்தான், ஆனால் இலை சிறியது. நம் ஊர் வெயிலும் அதற்குப் பழக்கம். ஆலம்போத்து, அதாவது தடித்த ஆலங்கிளைத் துண்டு, நட்டே சாலை மரம் வளர்த்த ஊர் நம்முடையது. அந்தக் குடும்பத்தில் கட்டைவிரல் தடிமன் போத்துகூட வேர்விடும். மெல்லிய குச்சியைவிடத் தடித்த போத்தில் சேமிப்பு அதிகம், அதனால் தாங்கும்.

செய்முறை சொல்கிறேன். ஒரு சாண் நீளம், கட்டைவிரல் தடிமன். அடியைக் கூரான கத்தியால் சாய்வாக வெட்டி, பால் நிற்கும்வரை தண்ணீரில் வைத்துத் துடைத்துவிடுங்கள். உச்சியில் இரண்டு இலை போதும், அதையும் பாதியாக நறுக்குங்கள். இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போகட்டும். கலவைக்கு, தூசி சலித்த ஆற்று மணலோ செங்கல் பொடிக்கல்லோ இரண்டு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு. உரம் வேண்டாம். மேலே பாலிதீன் பை கவிழ்த்து, வெளிச்சம் உள்ள நிழலில் 45 நாள். ஆடிக்காற்று நெருங்குகிறது, குச்சி ஆடினால் புதுவேர் அறுந்துபோகும். பக்கத்தில் ஒரு ஈர்க்குச்சி ஊன்றிக் கட்டிவிடுங்கள்.

வேரைப் பார்க்காமல் இருக்க முடியாது என்றால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டம்ளரில் நட்டு, அதைக் கறுப்பு டம்ளருக்குள் இறக்கி வையுங்கள். ஆசை வரும்போது உள்டம்ளரை மட்டும் தூக்கிப் பார்க்கலாம். இரண்டு டம்ளரிலும் அடியில் ஓட்டை இருக்கட்டும்.

குளிர்மலை (கொடைக்கானல்):
மேப்பிள் பற்றி. போன்சாய் என்று தனி மரமோ விதையோ கிடையாது. ஜப்பானிய மொழியில் ‘தட்டில் நட்டது’ என்றுதான் பொருள். எந்த மரத்தின் விதையும் போன்சாய் விதைதான். நீல இலை மேப்பிள் என்று ஒரு மரமே இல்லை, அந்தப் பத்து விதையை மறந்துவிடுங்கள். ஜப்பானிய மேப்பிள் விதை ஒரு குளிர்காலத்தைக் கடந்தால்தான் விழிக்கும். ஈர மணலோடு ஃபிரிட்ஜில் சுமார் 4 டிகிரியில் மூன்று, நான்கு மாதம் வைக்க வேண்டும். அப்படி முளைக்க வைத்தாலும் அந்த மரம் ஆண்டுதோறும் இலை உதிர்த்துத் தூங்க வேண்டும். பாளையங்கோட்டையில் அதற்குத் தூக்கம் கிடைக்காது, மெல்ல மெல்ல நலியும். எங்கள் மலையிலேயே நான் பொத்திப் பொத்தித்தான் வளர்க்கிறேன்.

செம்பருத்தி (மதுரை):
தம்பி, காசு செலவில்லாத வழி ஒன்று. சன்ஷேடு, கிணற்றுச் சுவர், கைப்பிடிச் சுவரில் பறவை எச்சத்திலிருந்து முளைத்த ஆல், அரசு, இச்சி இருக்கும். வீட்டுக்காரர்கள் எப்படியும் வெட்டிப் போடத்தான் போகிறார்கள். மழை பெய்து சுவர் நனைந்திருக்கும்போது கேட்டு எடுங்கள். பிளவுக்குள் நெருக்குண்டு வளர்ந்ததால் அடித்தண்டு முறுக்கேறி, வயதான மரம் போலவே இருக்கும். சுவரில் இருந்து எடுத்த இச்சி ஒன்று என்னிடம் ஆறு வருடமாக இருக்கிறது. வரும்போது நாலு வேர்தான். அரசு கிடைத்தாலும் எடுங்கள், ஆனால் அதன் காம்பு நீளம், இலை பெரிது. சின்னத் தொட்டியில் அழகு கொண்டுவருவது சிரமம்.

வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய இச்சி இருந்தால் விண்பதியன் (கிளையை மரத்திலேயே வைத்து வேர்விடச் செய்வது) போட்டுப் பாருங்கள். பிடித்த கிளையில், அதன் தடிமனைப் போல ஒன்றரை மடங்கு அகலத்துக்கு வளையமாகப் பட்டையை உரித்துவிட வேண்டும். வழவழப்பான பச்சைப் படலத்தையும் சுரண்டுங்கள். விட்டுவைத்தால் பட்டை திரும்பக் கூடி, வேர் வராது. பிழிந்த நார்க்கழிவை வைத்து, பாலிதீன் சுற்றி இரு முனையும் கட்டுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் தெரியும், அப்போது கீழே அறுத்து நடலாம். போத்தைவிட இது எனக்கு அதிகம் பிடிக்கும். கிளை தாய்மரத்திலேயே இருப்பதால் வேர் வரும்வரை வாடாது.

பாளை மாடித்தோட்டம்:
ரொம்ப நன்றி அக்கா, எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரிலேயே ஒன்று இருக்கிறது, கேட்கிறேன். புளியங்கன்றுக்கு என்ன செய்யட்டும்?

ஆலம்போத்து (தென்காசி):
தட்டைத் தொட்டி கடைசியில் வர வேண்டியது தம்பி. வேருக்கு இடம் குறைந்தால் தண்டு பருக்காது. அதனால்தான் போன்சாய் அளவில் நிற்கிறது. உங்கள் கன்று இன்னும் மரமே ஆகவில்லை, அதற்குள் நிறுத்திவிட்டீர்கள். ஐந்தையும் பெரிய க்ரோ பேக்குக்கு மாற்றி, நாலைந்து வருடம் இஷ்டத்துக்கு ஓட விடுங்கள். அடியில் ஒரு கிளையை வெட்டாமல் நீள விட்டால் அதற்குக் கீழே தண்டு சீக்கிரம் தடிக்கும், வேலை முடிந்ததும் அந்தக் கிளையை எடுத்துவிடலாம். புளி நல்ல தேர்வுதான், சிற்றிலை, சொரசொரப்பான பட்டை. பொறுமை மட்டும் அதிகம் கேட்கும்.

பாளை மாடித்தோட்டம்: *(புரட்டாசி)*
ஐயா, அக்கா, நிலவரம் சொல்ல வந்தேன். இச்சிப் போத்து ஐந்தில் நான்கு பிடித்துவிட்டது! டம்ளர் ஓரத்தில் வெள்ளை வேர் ஓடுவதை அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்று அழுகியது, அதை ஆழமாகச் செருகிவிட்டேன் போல. எதிர்வீட்டுச் சுவர்க்கன்றும் வந்துவிட்டது, இரண்டு துளிர் விட்டிருக்கிறது. நம்பவில்லை, காத்திருக்கிறேன். புளியை க்ரோ பேக்குக்கு மாற்றியபோது ஆணிவேர் நீளமாகச் சுருண்டு கிடந்தது, அப்படியே வைத்துவிட்டேன். இப்போது வெட்டலாமா?

ஆலம்போத்து (தென்காசி):
இப்போது தொடாதீர்கள். ஐப்பசி அடைமழையில் வெட்டுப்பட்ட வேர் ஊறி அழுகும். மாசியில் புதுத்துளிர் தலைகாட்டும்போது எடுத்து, ஆணிவேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். கீழே ஒரு ஓட்டுத் துண்டு வைத்து, சல்லிவேர்களை நாலாபுறமும் பரப்பி நட்டு, இரண்டு வாரம் நிழலில் வையுங்கள். ஓடு இருந்தால் வேர் கீழே இறங்காமல் பக்கவாட்டில் ஓடும், பின்னாளில் அடிமரம் அகலமாக உட்காரும். போத்துகளின் பையை ஒரேயடியாக எடுக்க வேண்டாம். முதலில் இரண்டு மூன்று துளை, வாரம் கழித்துப் பாதி திறப்பு, அப்புறம் முழுசாக.

பாளை மாடித்தோட்டம்:
சரி ஐயா. இன்று துளை போட்டுவிடுகிறேன்.