எத்ரல் போட்ட பாசிப்பயறு நாற்று: கன்ட்ரோலும் சிவக்கிறதே, ஏன்?

முளைக்கட்டு (கேள்வி):
பாசிப்பயறை 28 டிகிரியில் இருட்டில் வளர்க்கிறோம். ஒரு தட்டுக்கு வெறும் தண்ணீர் (கன்ட்ரோல்), இன்னொன்றுக்கு எத்ரல் (எத்திலீன் வாயுவை வெளிவிடும் எத்திஃபான் 39%) 50 பிபிஎம். மூன்றாம் நாள் எத்ரல் தட்டில் தண்டு குட்டையாகப் பருத்து, நுனிக் கொக்கி இறுகச் சுருண்டு நிற்கிறது. இதுவரை சரி. ஆனால் தண்டை வெட்டி லிக்னினை (செல் சுவரைக் கெட்டியாக்கும் பொருள்) சிவப்பாகக் காட்டும் ஃபுளோரோகுளூசினால் போட்டால் இரண்டிலுமே செக்‌ஷன் முழுக்க ரோஸ். "எத்திலீன் லிக்னினைக் கூட்டியது, அதனால்தான் தண்டு நீளவில்லை" என்று ரிப்போர்ட்டில் எழுதலாமா?

தண்டுவெட்டி:
இப்போதைக்கு எழுதாதீர்கள். ஒரு செக்‌ஷனில் ஃபுளோரோகுளூசினால் இல்லாமல் அமிலம் மட்டும் விட்டுப் பாருங்கள். அப்போதும் ரோஸ் வந்தால் அது ஆந்தோசயனின் என்ற செடி நிறமி. அமிலம் பட்டாலே சிவக்கும். நடுநடுவே தட்டைத் திறந்து வெளிச்சம் பட்ட நாற்றில் இது சகஜம். செக்‌ஷன்களை இரவு முழுக்க 70% எத்தனாலில் ஊறப்போட்டுவிட்டுப் பிறகு சாயம் ஏற்றுங்கள்.

சாயம்: எத்தனாலில் கரைத்த 3% ஃபுளோரோகுளூசினால் இரண்டு பங்கு, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு பங்கு. அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். ஐந்து நிமிடம் வைத்து உடனே பாருங்கள், நிறம் சீக்கிரம் வெளுத்துவிடும். நிஜ லிக்னின் என்றால் சைலக் குழாய்களின் (நீர் கடத்தும் குழாய்கள்) சுவர் மட்டும் செர்ரிப் பழச் சிவப்பில் வளையம் வளையமாகத் தெரியும். அவற்றுக்கு வெளியே உள்ள புறணியும் தண்டின் நடுவே உள்ள பித்தும் (pith) நிறமில்லாமல் கிடக்கும். கவர்சிலிப் போடாமல் லென்ஸுக்குக் கீழே வைக்காதீர்கள், அமில ஆவி லென்ஸை அரித்துவிடும்.

கொக்கிநுனி:
இரண்டு தட்டும் ஒரே அலமாரியிலா? அப்படியானால் கன்ட்ரோலும் எத்திலீனைச் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறது. தனித்தனி மூடிய பெட்டியில் வையுங்கள். கன்ட்ரோல் பெட்டியில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் நனைத்த செங்கல் துண்டு ஒன்று போதும், கசியும் வாயுவைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று: எத்திஃபான் அமிலக் கரைசலில்தான் நிலைக்கும். காரத்தன்மையுள்ள குழாய்த் தண்ணீரில் கலந்து வைத்தால் பயிருக்குப் போகும் முன்பே சிதைந்து வாயுவாகிவிடும். காய்ச்சி வடித்த நீரில் அவ்வப்போது கலக்குங்கள். கன்ட்ரோல் தண்ணீரையும் அதே பிஹெச்சுக்குக் கொண்டுவாருங்கள்.

"அதனால்தான் நீளவில்லை" என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இருட்டில் வளரும் அராபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு செடி) நாற்றில் எத்திலீன் பட்ட கால் மணி நேரத்துக்குள் வளர்ச்சி மட்டுப்படுகிறது. அந்த அவகாசத்தில் லிக்னின் படிந்து சுவர் இறுகிவிடாது. பட்டாணித் தண்டில், செல்லுக்குள் குறுக்காக ஓடும் நுண்குழல்கள் (microtubules) எத்திலீனால் நீளவாக்கில் திரும்புகின்றன. புதிய செல்லுலோஸ் இழைகளும் அதே போக்கில் படிவதால் செல் நீளாமல் பக்கவாட்டில் உப்புகிறது. குட்டை, பருமன் இரண்டுக்கும் காரணம் அதுதான். எத்திலீன் லிக்னின் உருவாகும் பாதையின் வாசலில் உள்ள PAL (ஃபினைல்அலனின் அம்மோனியா லையேஸ்) நொதியைத் தூண்டுவது உண்மை. ஆனால் கெட்டிச் சுவர் பொதுவாக நீட்சி முடிந்த செல்லில்தான் வரும்.

முளைக்கட்டு:
இரண்டிலும் கொக்கிக்கு 5 மி.மீ. கீழே வெட்டினோம். அது சரிதானே?

கொக்கிநுனி:
அங்கேதான் கோளாறு. நெடிய நாற்றில் அந்த இடம் இன்னும் நீண்டுகொண்டிருக்கும் இளம் திசு. குட்டை நாற்றில் அதே 5 மி.மீ. முதிர்ந்த பகுதிக்குள் போய்விடும். நீங்கள் ஒப்பிட்டது எத்திலீன் ஹார்மோனின் விளைவை அல்ல, திசுவின் வயதை. மருந்து விடுவதற்கு முன்பே தண்டில் 2 மி.மீ.க்கு ஒரு மைப்புள்ளி வைத்து, அதே புள்ளிகளுக்கு இடையில் வெட்டுங்கள்.

தண்டுவெட்டி:
அளவு வேண்டுமென்றால் நிறத்தை நம்பாதீர்கள். ஃபுளோரோகுளூசினால் லிக்னினில் உள்ள சின்னமால்டிஹைடு முனைகளைத்தான் பிடிக்கும், மொத்த லிக்னினையும் அல்ல. அசிட்டைல் புரோமைடு முறையில் போங்கள்: பனி அசிட்டிக் அமிலத்தில் 25%, 50 டிகிரியில் 2 மணி நேரம், பிறகு 280 நானோமீட்டரில் அளவு. விதையிலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தண்டை மட்டும் எடுங்கள். புரதமும் அதே 280-இல் உறிஞ்சும் என்பதால் சுவரை நன்றாகக் கழுவாமல் போனால் கணக்கு ஏறிவிடும்.

முடிவை ஒரு மில்லிகிராம் சுவருக்கு எவ்வளவு, ஒரு நாற்றுக்கு எவ்வளவு என்று இரண்டு விதமாகவும் போடுங்கள். முதல் கணக்கில் மட்டும் கூடியிருந்தால் லிக்னின் கூடவில்லை, மற்ற சுவர்ப்பொருள்தான் குறைந்திருக்கிறது.