திரைக்கு முன்னால் வைத்த அப்பம் திருவிருந்து ஆகுமா?

கரையோரம்:
2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தில் ஆலயங்கள் பூட்டிக் கிடந்தபோது, எங்கள் சபையின் போதகர் நேரலையில் ஸ்தோத்திர ஜெபம் செய்ய, நாங்கள் அவரவர் வீட்டில் அப்பமும் திராட்சரசமும் எடுத்து வைத்து, இயேசுவின் கடைசி இராப்போஜனத்தை நினைவுகூரும் திருவிருந்தில் பங்குபெற்றோம். நடமாட இயலாத முதியோருக்காக அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. அது திருவிருந்தே அல்ல என்று வேறு சபை நண்பர்கள் மறுக்கிறார்கள். “என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்” (லூக்கா 22:19) என்ற கட்டளையில் தூரத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நினைவுகூர விசுவாசம் போதும் என்பதே என் நிலைப்பாடு.

மணியோசை:
ஐயா, நினைவுகூருதல் மட்டுமே நற்கருணை (நீங்கள் திருவிருந்து என்பது) என்றால் உங்கள் வாதம் சரியாகிவிடும். கத்தோலிக்கராகிய நாங்கள் அப்படி நம்பவில்லை. திருவருட்சாதனம் என்பது கண்ணுக்குப் புலப்படும் அடையாளத்தின் வழியாக இறைவன் உண்மையிலேயே அருளை வழங்கும் செயல். தண்ணீர் தலையில் விழ வேண்டும், எண்ணெய் நெற்றியில் பட வேண்டும், குருவால் அர்ச்சிக்கப்பட்ட அப்பம் கைக்கு வர வேண்டும். இணையத்தில் திருவருட்சாதனங்கள் இல்லை என்று வத்திக்கான் ஆவணம் ஒன்று 2002ஆம் ஆண்டிலேயே, அதாவது நோய்த்தொற்றின் நெருக்கடி எதுவும் இல்லாத காலத்திலேயே, சொல்லிவிட்டது. 2020இல் திருத்தந்தை பிரான்சிஸின் காலைத் திருப்பலி நேரலையில் வந்தபோதும், வீட்டிலிருந்தோர் ஆன்மிக முறையில் ஆண்டவரை உள்ளத்தில் ஏற்கும் மன்றாட்டைச் சொல்லவே அழைக்கப்பட்டனர்; அப்பம் எடுத்து வைக்கும்படி யாரும் சொல்லவில்லை.

கொரியாவை நினைத்துப் பாருங்கள். 1784இல் பெய்ஜிங்கில் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பிய யி சுங்-ஹூனும் அவருடைய நண்பர்களும், நாட்டில் அருள்பணியாளர் ஒருவர்கூட இல்லாத நிலையில், தங்களுக்குள் சிலரைத் தேர்ந்து திருப்பலி நிறைவேற்றத் தொடங்கினார்கள். அது செல்லுமா என்ற ஐயம் எழுந்ததும் பெய்ஜிங் ஆயருக்கு எழுதிக் கேட்டார்கள். செல்லாது என்று பதில் வந்ததும் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். அவர்களுடைய பசி நம்முடைய பசியைவிடக் குறைந்தது அல்ல.

கரையோரம்:
சகோதரரே, காத்திருந்தவர்களை மட்டும் காட்டுகிறீர்கள். பாலைநிலத் துறவிகள் குரு இல்லாத இடத்தில் நற்கருணையைத் தம்மிடம் வைத்துத் தாமே எடுத்து உண்டார்கள் என்றும், அலெக்சாந்திரியாவில் பொதுமக்களும் வீட்டில் வைத்திருந்தார்கள் என்றும் நான்காம் நூற்றாண்டுத் திருச்சபைத் தந்தை பெரிய பசீலியு தம் கடிதத்தில் எழுதி, அதில் தவறில்லை என்கிறார். வீட்டில் பங்குபெறுவது நாங்கள் கண்டுபிடித்த புதுமை அல்ல.

ஓலைச்சுவடி:
தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். பசீலியு பேசுவது ஏற்கெனவே குருவால் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தைப் பற்றி. வீட்டு அலமாரியிலிருந்து எடுத்த ரொட்டியைப் பற்றி அல்ல. ஏறத்தாழ 155ஆம் ஆண்டில் எழுதிய ஆதித் திருச்சபை எழுத்தாளர் யுஸ்தீனும், கூடுகையில் ஸ்தோத்திரம் பண்ணப்பட்டதை, வர இயலாதவர்களுக்கு உதவிக்காரர்கள் எடுத்துச் சென்றார்கள் என்றே சொல்கிறார்.

ஆனால் திரைவழித் திருவிருந்து செல்லாது என்ற முடிவுக்கு மணியோசை அவர்களின் வழியில்தான் வர வேண்டும் என்பதில்லை. 1529இல் ஜெர்மனியின் மார்பர்க்கில், சீர்திருத்தத் தலைவர்களான லுத்தரும் சுவிங்லியும் பதினான்கு பொருள்களில் ஒத்துப்போய், அப்பத்தில் கிறிஸ்து சரீரப்பிரகாரமாக இருக்கிறாரா என்பதில் மட்டும் பிரிந்தார்கள். நினைவுகூருதல் என்ற கருத்துக்கு இன்று எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்தச் சுவிங்லியே, 1525இல் சூரிக்கில் திருவிருந்தை மாற்றியமைத்தபோது, அமர்ந்திருந்த சபையார் நடுவே மரத்தட்டுகளில் அப்பத்தைக் கொண்டுபோகச் செய்தார். அவருக்கு அது கூடியிருக்கும் சபையின் செயல். ஒரே அப்பத்தில் பங்குபெறுவதால் அநேகராகிய நாம் ஒரே சரீரமாயிருக்கிறோம் என்று பவுல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 10:17). அவரவர் தம் சொந்தச் சாப்பாட்டை உண்பதைத்தான் அடுத்த அதிகாரத்தில் கடிந்துகொண்டு, “ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்” என்கிறார். திரைக்கு முன்னால் நூறு வீடுகளில் நூறு அப்பங்கள் இருக்கும்போது, அந்த ‘ஒரே அப்பம்’ எங்கே?

கரையோரம்:
ஆலயத்தில் தனித்தனிச் சிறு கிண்ணங்களில் ரசம் கொடுக்கும் சபைகளை நோக்கியும் இதே கேள்வியைக் கேட்பீர்களா? அது ஒருபுறம் இருக்கட்டும். பல ஊர்ச் சபைகளைத் தனியாளாகக் கவனிக்கும் போதகர், படுத்த படுக்கையாய் இருக்கும் மூதாட்டியின் வீட்டுக்கு எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை வருவார்?

மணியோசை:
குரு வர இயலாவிட்டால் நற்கருணைப் பணியாளர் வருவார். 1973 முதல் பொதுநிலையினரும் (குருக்கள் அல்லாத விசுவாசிகளும்) அப்பணிக்கு நியமிக்கப்படலாம். எங்கள் பங்குக் கோவிலில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர்கள் நேராக நோயாளிகளின் வீடுகளுக்குத்தான் போகிறார்கள். அந்த மூதாட்டிக்கு வேண்டியது வாசலில் வந்து நிற்கும் ஒரு மனிதர். இன்னொரு திரை அல்ல.

கரையோரம்:
மனிதர் வர வேண்டும் என்பதை முழுமனதுடன் ஏற்கிறேன். எங்கள் சபையிலும் அதற்கு ஆட்களை அனுப்பச் சொல்வேன். ஆனால் வாசல் வரை அப்பத்தைச் சுமந்து வரத் தகுதியுள்ள அந்த விசுவாசி, உள்ளே அமர்ந்து அந்தத் தாயோடு சேர்ந்து ஸ்தோத்திரம் பண்ணி அப்பத்தைப் பிட்கத் தகுதியற்றவர் ஆவது எப்படி? நம் மூவருக்கும் இடையில் உள்ள உண்மையான பிரச்சினை இதுவே. இதற்கு வேதவசனத்திலிருந்து பதில் தாருங்கள்.