ஏழு கட்டுரைகளும் ஒரு தவறான பக்க எண்ணும்: மூலத்தைத் தேடிச் சென்றவர்களின் அனுபவங்கள்

தொடக்கப் பகிர்வு: உயிர்வேதியியல்

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில், ஒரு நொதி எந்த வெப்பநிலையில் செயலிழக்கிறது என்பதற்குச் சான்று தேடிக்கொண்டிருந்தேன். ஏழு கட்டுரைகள் ஒரே எண்ணைக் கூறின. ஏழும் ஒரே பழைய கட்டுரையை ஆதாரமாகச் சுட்டின. ஏழு பேர் சொல்வதை ஐயுற வேண்டியதில்லை என்றே நினைத்தேன். ஆனால், மேற்கோள் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தாயா என்று கேட்பது என் நெறியாளரின் வழக்கம். ஆகவே பழைய இதழ்த் தொகுதிகள் அடுக்கப்பட்டிருந்த நூலகப் பகுதிக்குச் சென்றேன். சுட்டப்பட்ட 173ஆம் பக்கத்தில் எனக்குத் தொடர்பே இல்லாத வேறொரு கட்டுரையின் நடுப்பகுதி இருந்தது. தொகுதியைப் புரட்டிப் பார்த்தபின், நான் தேடியது 137ஆம் பக்கத்தில் கிடைத்தது.

இலக்கங்கள் இடம் மாறிய அச்சுப்பிழை என்று எண்ணித் தொகுதியை மூடப் போனேன். அதே மேசையில் சுவடிப் பதிப்பு வேலையில் ஈடுபட்டிருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் நான் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, "ஏழிலுமே 173 என்றுதான் இருக்கிறதா?" என்று வினவினார். ஆம் என்றேன். "அப்படியானால் உங்களிடம் ஏழு சாட்சிகள் இல்லை, ஒரே சாட்சிதான் இருக்கிறது" என்றார்.

பிறகு ஒரு தாளை எடுத்து, அந்த ஏழு மேற்கோள் குறிப்புகளையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடச் சொன்னார். மூன்றில் ஆசிரியரின் முதலெழுத்து ஒன்று விடுபட்டிருந்தது. அவற்றுள் இரண்டில் தொகுதி எண்ணும் தவறு. அந்தப் பிழைகளைக் கொண்டு அவர் வரைந்த கிளைப்படம், மரபணு வரிசைகளை ஒப்பிட்டு நாங்கள் வரையும் பரிணாம மரத்தைப் போலவே இருந்தது. எங்கள் துறைக்கு மட்டுமே உரியது என்று நான் நினைத்திருந்த ஒரு சிந்தனை முறையை, கணினியைத் தொடாத ஒருவர் பென்சிலால் செய்து காட்டினார்.

137ஆம் பக்கத்தில் இருந்த செய்தியையும் சொல்லிவிடுகிறேன். அந்த எண் ஒரேயொரு அளவீட்டில், ஒரு குறிப்பிட்ட அமிலத்தன்மையில் கிடைத்தது என்றும், பொதுமைப்படுத்த வேண்டாம் என்றும் ஆசிரியரே எழுதியிருந்தார். அந்த எச்சரிக்கை ஏழில் ஒன்றில்கூட இல்லை. இதுபோன்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால் பகிருங்கள்.

மறுமொழி: மூலபாட ஆய்வு

அந்தப் பேராசிரியர் செய்தது எங்கள் துறையின் அடிப்படைப் பயிற்சி. ஒரு நூலின் இரண்டு கையெழுத்துப் படிகளில் ஒரே சரியான பாடம் (ஓரிடத்தில் காணப்படும் சொல் வடிவம்) இருப்பதால் அவற்றின் உறவு குறித்து எதுவும் தெரிய வராது. சரியானது எங்கிருந்தும் வந்திருக்கலாம். இரண்டிலும் ஒரே பிழை இருந்தால்தான், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது அல்லது இரண்டுக்கும் பொதுவான ஒரு மூதாதை இருந்தது என்று கொள்ள முடியும். இந்த முறை ஜெர்மானிய அறிஞர் கார்ல் லாக்மன் பெயரால் வழங்குகிறது. 1850இல் பண்டைய ரோமானியக் கவிஞர் லுக்ரீசியஸின் லத்தீன் காவியத்தைப் பதிப்பித்தபோது, வரிகள் இடம் மாறிக் கிடந்த விதத்தைக் கொண்டு, தொலைந்துபோன மூலச்சுவடியில் பக்கத்துக்கு 26 வரிகள் இருந்திருக்க வேண்டும் என்று அவர் கணித்தார். யாரும் பார்த்திராத ஒரு புத்தகத்தின் பக்க அளவைப் பிழைகளே சொல்லிவிட்டன.

உயிரியலோடு உள்ள உறவு வெறும் ஒப்புமை அன்று. இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசரின் கேன்டர்பரி கதைகளில் ஒரு முன்னுரைப் பகுதிக்குக் கிடைக்கும் 58 பதினைந்தாம் நூற்றாண்டுச் சுவடிகளை, உயிரியலாளர்களும் பதிப்பறிஞர்களும் சேர்ந்து, பரிணாம மரம் வரையும் மென்பொருளில் இட்டு ஆராய்ந்தனர். அதன் முடிவு 1998இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. ஒரே எழுத்தர் இரண்டு மூலங்களை மாறிமாறிப் பார்த்து எழுதினால் மரம் குழம்பிவிடும். நுண்ணுயிர்கள் தம்முள் மரபணுவைப் பக்கவாட்டில் கடத்திக்கொள்ளும்போது உயிரியலாளர்கள் படும் பாடும் இதுவே.

ஆனால் ஓர் எச்சரிக்கை. என் முதல் பதிப்பில் நான் இதே முறையைக் கண்மூடிப் பயன்படுத்தித் தவறினேன். ஓலைச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளி இடுவது அரிது. குறில் எகர ஒகரங்களுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு தெரியாது. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் இருக்கும். எனவே, ஒருவரையொருவர் அறியாத இருவர் வெவ்வேறு காலங்களில் ஒரே தவறான வாசிப்பைச் செய்துவிட முடியும். அத்தகைய பிழைகளை உறவுக்குச் சான்றாகக் கொண்டு இரண்டு சுவடிகளை ஒரே குடும்பத்தில் சேர்த்தேன். மதிப்புரை எழுதியவர் அதைச் சரியாகவே பிடித்துக்கொண்டார். தற்செயலாக நேரக்கூடிய பிழை எது, நேர முடியாத பிழை எது என்று எடைபோடுவதில்தான் இந்த வேலையின் கடினம் இருக்கிறது. இலக்கம் இடம் மாறுவதும் எளிதில் நேரும் பிழைதான். ஆனால் அது ஏழு இடங்களில் தனித்தனியே, அதுவும் ஒரே விதமாக, நேர்ந்தது என்பதை நான் நம்பமாட்டேன்.

மறுமொழி: இயற்பியல்

இதை எண்ணிக்கையாகவே செய்து பார்த்தவர்கள் உண்டு. சிம்கின், ராய்சௌத்ரி என்னும் இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், புகழ்பெற்ற ஓர் இயற்பியல் கட்டுரைக்கு வந்த சுமார் 4,300 மேற்கோள்களில் 196 பிழையாக இருந்ததையும், அவற்றில் வெவ்வேறு வகைப் பிழைகள் 45 மட்டுமே என்பதையும், ஒரே பக்க எண் பிழை 78 முறை திரும்ப வந்ததையும் காட்டினார்கள். மேற்கோள் காட்டுவோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே மூலத்தைப் படிக்கிறார் என்பது அவர்களின் மதிப்பீடு. அந்த முடிவை நான் முழுமையாக ஏற்கவில்லை: மூலத்தைப் படித்துவிட்டு, குறிப்பை மட்டும் சோம்பலால் வேறொரு பட்டியலிலிருந்து எடுப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தெரியும், நானே செய்திருக்கிறேன்.

மறுமொழி: மருத்துவப் புள்ளியியல்

பக்க எண் பிழை யாரையும் கொல்லாது. உங்கள் 137ஆம் பக்க எச்சரிக்கை மறைந்ததுதான் எனக்கு அச்சம் தருகிறது. 1980இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் இருந்தபோது ஓபியம் சார்ந்த வலிமருந்து பெற்ற 11,882 நோயாளிகளில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்களிடையே நன்கு பதிவான அடிமையாதல் நான்கு பேரிடம் மட்டுமே காணப்பட்டது என்பது அதன் செய்தி. வீட்டில் நாள்பட்ட வலிக்கு மாதக்கணக்கில் உட்கொள்வோரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. 2017இல் அதே இதழில் வெளிவந்த கணக்கெடுப்பின்படி, அக்கடிதத்தை 608 வெளியீடுகள் சுட்டியிருந்தன. அவற்றில் 72 விழுக்காட்டுக்கு மேல், அடிமையாவது அரிது என்பதற்கே அதைச் சான்றாக்கியிருந்தன. நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதை ஏறத்தாழ 81 விழுக்காடு குறிப்பிடவே இல்லை. மாணவராக நானும் ஒரு கருத்தரங்க உரையில் அதைக் காட்டியிருக்கிறேன். பிறகு முழுக் கடிதத்தையும் தேடி எடுத்தபோது, படிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தொடங்கியவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. கிளைப்படத்தின் வேரில் இருந்த, ஏழில் மிகப் பழைய கட்டுரையின் ஆசிரியருக்கு எழுதிக் கேட்டிருந்தேன். நேற்று விடை வந்தது. அக்காலத்தில் அவர் இதழை வரவழைத்து, கட்டுரையை முழுமையாகப் படித்து, கையால் குறிப்பெடுத்தாராம். வீடு வந்து தட்டச்சு செய்தபோது இலக்கங்கள் மாறிவிட்டன. மூலத்தில் இருந்த எச்சரிக்கை அந்தக் குறிப்பேட்டில் இருக்கிறது என்று படமும் அனுப்பியிருந்தார். பக்க வரம்பு கருதி அச்சில் அதை நீக்கியிருக்கிறார். ஆக, ஏழு பேரில் மூலத்தைப் படித்தார் என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள், அந்தப் பிழையைச் செய்தவர்தான்.