2012 ஃபார்ச்சூனர் 3.0 டீசல் 4×4, 1,38,000 கி.மீ.: டைமிங் பெல்ட் இப்பவே மாத்தணுமா?

பர்கூர் டீசல்:
வணக்கம். 2012 ஃபார்ச்சூனர் 3.0 மேனுவல், 4×4, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. ஓடியிருக்கிறது 1,38,000. பெல்ட் மாத்தினதுக்கு பில் எதுவும் கைக்கு வரல. மீட்டர்ல டைமிங் பெல்ட் மாத்தச் சொல்ற டி-பெல்ட் விளக்கு எரியல. வாரத்துல நாலு நாள் கிரானைட் குவாரிப் பாதை, மீதி நாள் தொப்பூர் கணவாய் வழியா சேலம். ஷெட்ல ஒருத்தர் விளக்கு எரியட்டும், அப்புறம் பாக்கலாம்ங்கிறார். இன்னொருத்தர் வாட்டர் பம்ப்போட சேத்து மாத்தணும்ங்கிறார். காலையில ஸ்டார்ட் பண்ணதும் முன்பக்கம் ரெண்டு நிமிஷம் கீச்சுன்னு சத்தம் வேற வருது. அது டைமிங் பெல்ட்தானா?

தொப்பூர் இறக்கம்:
மாத்திடுங்க, விளக்குக்காகக் காத்திருக்காதீங்க. உங்க இன்ஜின் 1கேடி (டொயோட்டாவோட 3.0 டீசல்). அதுக்கு 1,50,000 கி.மீ. கணக்கு. அந்த விளக்கு பெல்ட்டோட நிலைமையைப் பாத்து எரியுறது இல்ல, ஓடின கிலோமீட்டரை மட்டும் எண்ணுது. முன்னாடி வச்சிருந்தவர் ரீசெட் மட்டும் பண்ணி பெல்ட்டை விட்டிருந்தாலும் எரியாது. மீட்டர் மாத்தியிருந்தாலும் கணக்கு போச்சு.

இன்னும் 12,000 பாக்கி இருக்கேன்னு நினைக்காதீங்க. வயசையும் பாக்கணும். ரப்பர் இன்ஜின் சூட்டுல வருஷக்கணக்கா வேகுது. பலம் உள்ள இருக்கிற கண்ணாடி இழை நூல்லதான் இருக்கு, அது அறுந்துட்டு வர்றது வெளியில தெரியாது. பில் இல்லாத 2012 வண்டின்னா, மாத்தலன்னே வச்சுக்கணும்.

இந்த இன்ஜின்ல பெல்ட் அறுந்தா கேம் (வால்வைத் திறக்கிற தண்டு) நின்னுடும், கிராங்க் (பிஸ்டனோட சேந்து சுத்துற தண்டு) நிக்காது. திறந்து நிக்கிற வால்வை பிஸ்டன் வந்து அடிக்கும். வால்வு வளையும், ஹெட்டை (இன்ஜினோட மேல் பாகம்) இறக்க வேண்டி வரும். தொப்பூர் இறக்கத்துல கியர்ல இறங்கும்போது அறுந்தா இன்னும் மோசம். சக்கரமே இன்ஜினைச் சுத்திக்கிட்டு வரும், அடி மேல அடி விழும்.

மாங்கனி மண்டி:
அண்ணா, கவரைக் கழட்டி பெல்ட்டைக் கண்ணால பாத்துட்டு முடிவு பண்ணக் கூடாதா? பல்லு நல்லா இருந்தா ஏன் காசு?

தொப்பூர் இறக்கம்:
தம்பி, பாத்தா கெட்டது தெரியும், நல்லதுன்னு உறுதி கிடைக்காது. முதுகுல வெடிப்பு, ஓரத்துல நூல் பிரிஞ்சது, பல்லு அடியில கீறல், எண்ணெய் ஈரம், இதுல ஒண்ணு இருந்தாலும் வண்டியை அங்கயே நிறுத்திடணும். ஒண்ணும் இல்லன்னாலும் அது இன்னும் ஓடும்னு அர்த்தம் இல்ல. பெல்ட்டை முறுக்கியோ உள்புறமா மடிச்சோ பாக்காதீங்க, நல்ல நூலும் முறியும்.

ஓசூர் ரோடு ஷெட்:
வாட்டர் பம்ப் விஷயம்: 1கேடில வாட்டர் பம்ப்பை ஓட்டுறது வெளிப்பக்கம் தெரியுற வரி பெல்ட்தான். டைமிங் பெல்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. பம்ப்ல கசிவோ ஆட்டமோ இல்லன்னா அதை விட்டுடுங்க. டீசல் பம்ப் கூட கியர்லதான் ஓடுது. டைமிங் பெல்ட் அந்த பம்ப் பக்கத்து புல்லியில இருந்து கேமுக்குப் போறது மட்டும்தான். அதனாலதான் இது மேலயே இருக்கிற சின்ன வேலை, கிராங்க் புல்லியைக் கழட்டவே வேண்டாம்.

கீச்சு சத்தமும் பெரும்பாலும் அந்த வெளி பெல்ட்தான். ஐடிலிங்ல, ஃபேன்ல கை படாம, வரிப் பக்கம் நாலு சொட்டு தண்ணி விடுங்க. சத்தம் கொஞ்ச நேரம் நின்னு திரும்ப வந்தா பெல்ட் பரப்பு காஞ்சிருக்கு, இல்ல புல்லி நேரா இல்ல. தண்ணி பட்டதும் கூடினா பெல்ட் வழுக்குது, இழுவை போதல. டைமிங் பெல்ட் பொதுவா சத்தம் போட்டு எச்சரிக்காது. கவருக்குள்ள உர்ர்ர்னு கேட்டா அது ஐட்லர் (பெல்ட்டைத் தாங்கிச் சும்மா சுத்துற புல்லி) பேரிங், அதையும் விடக் கூடாது.

பர்கூர் டீசல்:
நன்றிங்க அண்ணா. என்னென்ன வாங்கணும்? பக்கத்துல நின்னு எதைக் கவனிக்கணும்?

ஓசூர் ரோடு ஷெட்:
சேசிஸ் நம்பரைக் குடுத்து பெல்ட் 1, ஹைட்ராலிக் டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிறது) 1, ஐட்லர் 1 வாங்குங்க. பெல்ட்டை மட்டும் மாத்தி பழைய டென்ஷனரைப் போடுறது இந்த வேலையில பெரிய தப்பு. ரெண்டாவது பெல்ட்டைக் கொல்றது அதுதான்.

பேட்டரி நெகட்டிவை எடுத்துட்டு மேல் கவரைக் கழட்டணும். கிராங்க் போல்ட்ல ஸ்பேனர் வச்சு முன்னாடி இருந்து பாத்தா கடிகாரச் சுத்துல மட்டும் சுத்தி, கேம் புல்லி மார்க்கையும் கீழ் புல்லி மார்க்கையும் அதது இடத்துக்குக் கொண்டு வரணும். பழைய பெல்ட் மேலயும் பெயின்ட்ல கோடு போட்டுக்கோங்க. அப்புறம் டென்ஷனரோட ரெண்டு போல்ட்டையும் மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தணும். ஒரு பக்கமா இழுத்தா சாய்ஞ்சு மாட்டிக்கும்.

பெல்ட் வெளிய வந்த பிறகு கிராங்கும் சுத்தக் கூடாது, கேமும் சுத்தக் கூடாது. அப்பவே வால்வு முட்டும்.

புது டென்ஷனர் தண்டை அழுத்திப் பிடிச்சு வைக்கிற பின்னோட வரும், பெல்ட் மாட்டி முடியற வரைக்கும் அந்தப் பின்னை எடுக்காதீங்க. பழசையே போட வேண்டி வந்தா வைஸ்ல நேரா நிறுத்தி, மெதுவா அழுத்தி, 1.27 மி.மீ. அல்லன் சாவியைச் செருகணும். தண்டைக் கையால அழுத்தும்போதே உள்ள போனாலோ சீல்ல எண்ணெய் இருந்தாலோ அது குப்பைக்குத்தான்.

பெல்ட்டை ஸ்க்ரூடிரைவரால நெம்பி ஏத்த விடாதீங்க. மாட்டி பின்னை உருவினதும் கிராங்கைக் கையாலேயே முழுசா ரெண்டு சுத்து. ரெண்டு மார்க்கும் திரும்ப நேரா வரணும். பாதியில கெட்டியா முட்டினா பலம் குடுக்காம நிறுத்துங்க. இந்த ரெண்டு சுத்தைப் பாக்காம சாவி போட விடாதீங்க. ஒரு பல்லு தள்ளி மாட்டினாலே ஸ்டார்ட்டிங் இழுக்கும், புகை வரும், ஏத்தத்துல இழுவை இருக்காது.

தொப்பூர் இறக்கம்:
கேம் ஆயில் சீலையும், கீழ் புல்லிக்குப் பின்னாடி இருக்கிற சீலையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. ஈரம் இருந்தா அன்னைக்கே மாத்தணும், எண்ணெய் குடிச்ச ரப்பர் ஊதிப் பல்லு பிரியும். குவாரியில ஓடுற வண்டிக்கு கவர் ஓரத்து ரப்பரும் முக்கியம். அது கிழிஞ்சிருந்தா கல்லு மாவு உள்ள போய் புல்லியில உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். வேலை முடிஞ்சதும் கவர் மேல தேதியும் கி.மீ.யும் எழுதிட்டு விளக்கு கணக்கையும் ரீசெட் பண்ணச் சொல்லுங்க.

மாங்கனி மண்டி:
2017 ஃபார்ச்சூனர் 2.8க்கும் இதே கணக்கா? டஸ்டர் ஆல் வீல் டிரைவ் ஒண்ணும் வீட்டுல இருக்கு.

ஓசூர் ரோடு ஷெட்:
2.8ல செயின், மாத்த பெல்ட்டே கிடையாது. டஸ்டர் 1.5 டீசல்ல பெல்ட்தான், ஆனா அது வாட்டர் பம்ப்பையும் டீசல் பம்ப்பையும் சேத்து ஓட்டுது. அதனால அதுல வாட்டர் பம்ப்பையும் சேத்துதான் மாத்தணும், மேல சொன்னது அதுக்குப் பொருந்தாது. யாராவது பஜேரோ ஸ்போர்ட் 2.5 வச்சிருந்தா, அதுல அதிர்வைக் குறைக்கிற பேலன்ஸர் ஷாஃப்ட்டுக்கு இன்னொரு குட்டி பெல்ட் இருக்கு. அது அறுந்து டைமிங் பெல்ட்ல சிக்கினா ரெண்டும் போகும், ஒரே நாள்ல ரெண்டையும் மாத்துங்க.