ஃபைட்டர் மீனின் வால் உதிர்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் நீல ஃபைட்டர் மீனின் வால் ஓரம் கறுத்து, ஒரு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. இரண்டு நாளாகச் சாப்பிடவும் இல்லை. அடியிலேயே படுத்திருக்கிறது, மூச்சு வாங்க மட்டும் மேலே வருகிறது. பார்க்கவே மனசு தாங்கவில்லை.

10 லிட்டர் தொட்டி, ஃபில்டர் இல்லை. ஊருக்குப் போனதில் 12 நாள் தண்ணீர் மாற்றவில்லை, தப்பு என்னுடையதுதான். இப்போது தினமும் கால் பங்கு மாற்றுகிறேன், குளோரின் நீக்கிய தண்ணீர்தான். காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றும் போட்டிருக்கிறேன். வெப்பம் 27 டிகிரி.

அயோடின் கலக்காத உப்பு போடலாமா? லிட்டருக்கு எத்தனை கிராம், எத்தனை நாள்? இல்லை, மெத்திலீன் புளூ மருந்து நல்லதா? இப்படி வால் உதிர்ந்த மீனைத் தேற்றியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.