மட்டாஞ்சேரி யூதப் பள்ளியின் முன்னறை

கொச்சியில் மட்டாஞ்சேரி யூதப் பள்ளிக்கு, அதாவது யூதர்களின் கோயிலுக்கு, நான் முதல் தடவை போனது ஒரு சனிக்கிழமை. கதவு பூட்டியிருந்தது. சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வுநாள் என்று தெரிந்தவன்தான், பயணத்தைத் திட்டமிடும்போது அது மனதில் வரவில்லை. வெளியே நின்று மணிக்கூண்டை மட்டும் பார்த்துவிட்டுக் கோவைக்கு ரயிலேறினேன். போன ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். அந்த நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

வாசலில் பெயரைப் படித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "பரதேசின்னு கோயிலுக்குப் பேர் வைப்பாங்களா?" நம் ஊரில் அது திட்டும் சொல்லாகிவிட்டது. அங்கே அது பழைய பொருளிலேயே நிற்கிறது. பரதேசி என்றால் வெளிதேசத்திலிருந்து வந்தவர். ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் துரத்தப்பட்டும், மேற்காசியாவிலிருந்து வணிகத்துக்காகவும் வந்து சேர்ந்த யூதர்கள் 1568-ல் கட்டிய பள்ளி இது. இடம் கொச்சி ராஜா கொடுத்தது, அதுவும் தன் அரண்மனையை ஒட்டியே. அரண்மனை வளாகத்தில் பகவதி கோயில் இருக்கிறது. அந்தக் கோயிலுக்கும் யூதப் பள்ளிக்கும் நடுவில் இருப்பது ஒரு சுவர்தான்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். அம்மாவுக்கு அது இயல்பாக இருந்தது. ஆனால் வேறு நாட்டு யூதப் பள்ளிகள் பெரும்பாலானவற்றில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது, கேரளத்து யூதர்கள் இந்த மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டது அது. வெறுங்காலோடு நடப்பதால் தரை முதலில் காலுக்குத்தான் தெரிகிறது. வெள்ளையில் நீலம் தீட்டிய சீனத்துப் பீங்கான் ஓடுகள், 18-ஆம் நூற்றாண்டில் வந்தவை. கையால் வரைந்தவை என்பதால் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்கிறார்கள். அம்மா குனிந்து குனிந்து ஒரே மாதிரி இரண்டைத் தேடிக்கொண்டிருந்தார். மேலே கூரையிலிருந்து கண்ணாடிச் சரவிளக்குகள். நடுவில் பித்தளைக் கம்பி அடைத்த மேடை, யூத வேதமான தோராவை வாசிக்கும் இடம். மாடியில் பெண்கள் பகுதிக்கு முன்னால் இன்னொரு வாசிப்பு மேடை உண்டு. இந்த இரண்டாவது மேடை கேரளத்துப் பள்ளிகளுக்கே உரியது.

எனக்கு முக்கியமாகப் பட்டது பக்கத்து அறை. அங்கே கொச்சி யூதர் வரலாறு வரிசையாக ஓவியங்களாக மாட்டியிருக்கிறது. ஒன்றில், சேர அரசர் செப்பேட்டை ஒரு யூதத் தலைவரிடம் கொடுக்கிறார். அந்தச் செப்பேடு கற்பனை இல்லை. கி.பி. 1000 வாக்கில் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில், அதாவது பழைய முசிறிப் பக்கம், இருந்தபோது இஸ்ஸுப்பு இரப்பான் என்பவருக்குக் கொடுத்தது. ஜோசப் ரப்பான் என்ற பெயர்தான் ஏட்டில் அப்படி ஆகியிருக்கிறது. எழுத்து வட்டெழுத்து. மொழி, தமிழும் மலையாளமும் முழுதாகப் பிரியாத காலத்து மொழி. அதன் வாசகத்தை முன்பே அச்சில் படித்திருந்தேன். ஓவியத்துக்கு முன்னால் நின்று நினைவிலிருந்த வரைக்கும் அம்மாவுக்குச் சொன்னேன்: பகல்விளக்கும், பாவாடையும், அந்தோளகமும், குடையும்... இப்படி மொத்தம் 72 உரிமைகள். பாவாடை என்றால் நடந்துவரும்போது தரையில் விரிக்கும் துணி. அந்தோளகம் பல்லக்கு. அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவையும் அவருக்கே கொடுத்திருக்கிறார்கள், சுங்க வரியும் நீக்கியிருக்கிறார்கள். அவர் மட்டுமல்ல, பிள்ளைகள், மருமக்கள், "பெண்மக்களைக் கொண்ட மருமக்கள்" வரை அது செல்லும். கடல் கடந்து வந்த ஒரு குடும்பத்தின் மாப்பிள்ளைகளைக்கூட விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அம்மா ஓவியத்தைப் பார்த்துக்கொண்டே "நம்ம கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு" என்றார். ஒருத்தரையும் விட்டுவிடக் கூடாது என்ற கவலை இரண்டிலும் ஒன்றுதானே.

வெளியே வரும்போது முன்னறையில் சற்று நின்றோம். இதைத்தான் சொல்ல வந்தேன். பயணக் குறிப்புகள் பலவற்றில் தரையும் விளக்கும் இருக்கும், இந்த அறை இருக்காது. பரதேசி யூதர் வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வம்சத்தாரும் யூதர்கள்தான். எபிரேயத்தில் மெஷுஹ்ராரிம், விடுவிக்கப்பட்டவர்கள் என்று பொருள். அவர்களுக்கு உள்ளே பெஞ்சில் உட்கார இடமில்லை, தோரா வாசிக்க அழைப்பில்லை. இந்த முன்னறையில்தான் உட்கார வேண்டும். செத்தால் அதே மயானத்தில் இடமும் கிடையாது. அந்த வம்சத்தில் பிறந்தவர் ஏ. பி. சேலம். வழக்கறிஞர், கொச்சி சட்டமன்ற உறுப்பினர், காங்கிரஸ்காரர். காந்தியின் வழியைத் தன் சொந்தக் கோயிலுக்குள்ளேயே கையிலெடுத்துச் சத்தியாகிரகம் இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கதவு திறந்தது. முதலில் கூடத்தின் பின்பக்கம் உட்கார அனுமதி, பிறகு மற்றவை. 1950-ல் அவருடைய மகனுக்கும் ஒரு பரதேசிக் குடும்பத்துப் பெண்ணுக்கும் கல்யாணம் நடந்தது. இன்று பள்ளி இருக்கும் ஜூ டவுன் தெருவின் பெயரே ஏ. பி. சேலம் ரோடு.

ஓர் அரசன் அந்நியரைப் பல்லக்கில் ஏற்றினான். அந்த அந்நியர்களிலேயே சிலர் தங்களோடு ஒரே வேதம் ஓதியவர்களை வாசலில் உட்கார வைத்தார்கள். நம் ஊர்க் கோயில்களின் கதை தெரிந்த யாருக்கும் அந்த முன்னறையைச் சும்மா கடந்துபோக முடியாது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அங்கிருந்த பெஞ்சில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தார்.

தெருவில் பழம்பொருள் கடைகள், சால்வைக் கடைகள், சுக்கு மிளகு வாசனை. வீட்டு ஜன்னல் கம்பிகளில் ஆறுமுனை நட்சத்திரம். வீடுகளுக்குள் இருப்பது இப்போது வேறு குடும்பங்கள். வேறு யாராவது போயிருந்தால் எழுதுங்கள். நான் தவறவிட்டது நிறைய இருக்கும்.

*

நானும் அந்தப் பள்ளிக்குப் போயிருக்கிறேன், 2011-ல். அப்போது அங்கே வாழ்ந்த யூத மூதாட்டி சாரா கோஹன் இருந்தார். தெருவிலேயே வீட்டின் முன்பகுதியில் அவருடைய தையல் கடை. மேஜைத் துணி, தொழுகைக்குப் போடும் சின்னத் தொப்பி, ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணி எல்லாம் கைவேலை. ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிதாகப் பேச்செதுவும் நடக்கவில்லை. என் மகள் ஒரு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தாள், அவர் சிரித்தார், அவ்வளவுதான். ஆனாலும் பள்ளிக்குள் பார்த்ததை விட அந்த முகம்தான் எனக்கு நினைவிருக்கிறது.

2019-ல் 96 வயதில் காலமானார். கடைசிக் காலத்தில் அவரையும் கடையையும் கவனித்துக்கொண்டவர் ஒரு முஸ்லிம் அண்ணன். சிறுவனாக அந்தத் தெருவில் தபால் அட்டை விற்றுக்கொண்டு வந்து சேர்ந்தவர், அந்த அம்மாவுக்கு மகன் மாதிரி ஆனார். உள்ளே யார், வாசலில் யார் என்று எழுதியிருந்தீர்களே, இதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

*

எறணாகுளத்தில் வேலை பார்க்கும் மதுரைக்காரன் நான். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கேரளத்து யூதர்களில் பரதேசிகள் சிறு கூட்டம். பெரும்பாலோர் அவர்களுக்கு முன்பிருந்தே இருந்த மலபார் யூதர்கள். அவர்களுக்குத் தனித்தனியாகப் பள்ளிகள் இருந்தன. 1950-களில் ஏறக்குறைய எல்லோரும் இஸ்ரேலுக்குப் போனார்கள். அதே ஜூ டவுனின் மறு கோடியில் கடவும்பாகம் பள்ளி என்று ஒன்று இருக்கிறது. சுற்றுலா வருபவர்கள் அதுவரை நடப்பதில்லை. அதன் மரச்செதுக்கு வேலை பெரும்பாலும் இன்று ஜெருசலேம் அருங்காட்சியகத்தில். கட்டடம் மட்டும் இங்கே கிடந்தது, 2019 மழையில் முன்சுவர் இடிந்தது. அந்த வாரம் போய்ப் பார்த்தேன். செங்கல் குவியலுக்கு முன்னால் ஆடு ஒன்று படுத்திருந்தது. ஏதோ நம் வீட்டுச் சுவர் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு.

ஆறுதலுக்கு எறணாகுளம் மார்க்கெட் பக்கம் வாருங்கள். ஜூ ஸ்ட்ரீட்டில் ஒரு செடிக்கடை, மீன்தொட்டியும் விற்பார்கள். கடையைத் தாண்டி உள்ளே போனால் முழுப் பள்ளி! அதன் பெயரும் கடவும்பாகம்தான். பல வருடம் செடிகளுக்குப் பின்னால் மறைந்து கிடந்ததைக் கடைக்காரரே பழுதுபார்த்து, 2018-ல் மறுபடி தோராச் சுருள் வைத்தார்கள். அப்புறம் சேந்தமங்கலம், வடக்கன் பரவூர் இரண்டிலும் பள்ளிகளை அரசு அருங்காட்சியகமாக்கியிருக்கிறது. சேந்தமங்கலத்துப் பள்ளி முன்னால் ஒரு கல்லறைக் கல், 1269-ஆம் ஆண்டு. 'இஸ்ரேலின் மகள் சாரா' என்று எபிரேயத்தில். அங்கேயும் ஒரு சாரா.

*

இருவருக்கும் நன்றி. கடவும்பாகத்தை விட்டுவிட்டேன் என்பது உறுத்துகிறது, அவ்வளவு பக்கத்தில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறோம்.

ஒன்றை எழுத மறந்தேன். மட்டாஞ்சேரியிலேயே வீடுகளுக்கு நடுவில் நாமியா மூத்தாவின் சமாதி இருக்கிறது. 1615-ல் காலமான யூதக் கவிஞர், ஞானி. வெள்ளை பூசிய சின்ன மேடை, எபிரேயக் கல்வெட்டு. அந்தத் தெருக்காரர்கள், இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும், வேண்டுதல் வைத்து மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். வழி கேட்டபோது காட்டிய பெண்மணி "வெறுங்கையோட போகாதீங்க" என்று கடையைக் காட்டினார். அம்மா இரண்டு வாங்கினார். ஒன்றை ஏற்றியதும் காற்றில் அணைந்தது. இரண்டாவதைக் கையால் மறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

மார்ச்சில் எறணாகுளம் வருகிறோம். செடிக்கடை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா, தம்பி?